அப்டேட்: சொந்தக்காரங்களோட துறைமுகம் சுத்துனது

போன வாரம் கேட்டிருந்தேன்ல, பெரியப்பா பெரியம்மா பேரப்பசங்களோட வர்றாங்க, இந்த துறைமுக ஊர்ல என்னத்தக் காட்டுறதுன்னு? டூர் போட் வேணாம், சாதா ஃபெர்ரில காலையிலயே ஏறுங்கன்னு நெறைய பேர் சொன்னீங்க, அதையே செஞ்சோம். மத்தியானத்துக்கு மேல கரை சூடேறி கடல்காத்து வலுக்கும்னு சொன்னதும் நெசம்தான், திரும்பி வர்றப்போ ஃபெர்ரி ஆடுன ஆட்டத்துல பெரியம்மா புடிச்ச புடி இன்னும் கையில வலிக்குது.

மியூசியம் அரை மணி நேரம், அவ்ளோதான். லைட்ஹவுஸ் படியப் பாத்ததுமே பெரியப்பா கீழ உக்காந்துட்டாரு.

ஹிட்டானது என்னன்னா சும்மா பெஞ்சுல உக்காந்து கப்பல் பாத்ததுதான். ஒரு சரக்குக் கப்பல் அடிப்பக்க செவப்பு பெயிண்ட் வெளிய தெரிய நின்னுச்சு, சரக்க எறக்கிட்டா லேசாகி மேல மெதக்கும்னு சொன்னேன், உடனே பெரியவன் அந்த வட்டமும் நடுவுல கோடும் என்னன்னான். ப்ளிம்சால் குறி, அளவுக்கு மேல ஏத்துனா கோடு முங்கிடும்னதும் (சீசனுக்கு, நல்லதண்ணிக்குன்னு பக்கத்துலயே வேற கோடும் உண்டு, அத சொல்லல) வர்ற கப்பலுக்கெல்லாம் பாஸ் ஃபெயில் போட ஆரம்பிச்சுட்டான்.

நான் சொதப்புனது ஒண்ணு, கடல் ஏறுற எறங்குற நேரத்தப் பாக்கல. காலையில சமமா இருந்த ஃபெர்ரி பாலம் ஆறு மணி நேரம் கழிச்சு தண்ணி எறங்கி மலையேறுற மாதிரி நிக்குது, பெரியப்பா முட்டிக்கு அது ஆகல.

நாளைக்கும் அதே பெஞ்சுக்குத்தான் போகணுமாம்.