ஃபிரெஸ்கோ: ‘ஈரச்சுவர் ஓவியம்’ போதாது, ‘பசுஞ்சாந்து ஓவியம்’ என்போம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். புதிதாகப் பூசிய சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குள் அதன்மேல் நிறம் தீட்டும் இத்தாலிய முறைதான் ஃபிரெஸ்கோ. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் எழுந்த கேள்விகளுக்கு என் விடைகள் இவை.

> ஃபிரெஸ்கோவுக்குச் ‘சுவரோவியம்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

இயேசு சீடர்களோடு உண்ட ‘இறுதி விருந்து’ காட்சியைக் காட்டும் இரண்டு ஓவியங்களை வைத்து இதற்கு விடை சொல்கிறேன். ஒன்று, மிலான் நகரில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியொனார்தோ தா வின்சி 1490களில் தீட்டியது. மற்றொன்று, அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில், கிளெண்டேல் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அமெரிக்க ஓவியர் பென் லாங் 1980இல் தீட்டியது. இரண்டுமே சுவரில் இருக்கின்றன, இரண்டும் ஒரே காட்சியைச் சொல்கின்றன. ஆனால் இவற்றில் ஃபிரெஸ்கோ என்று சொல்லத்தக்கது பென் லாங்குடையது மட்டுமே. லியொனார்தோ நிறுத்தி நிதானித்துத் திருத்தி வரைகிறவர். சாந்து இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு அவருக்கு ஒத்துவரவில்லை. காய்ந்த பூச்சின் மேல் முட்டையும் எண்ணெயும் சேர்ந்த வண்ணங்களால் வரைந்தார். சில பத்தாண்டுகளிலேயே அது உதிரத் தொடங்கிவிட்டது. கடைசியாக நடந்த சீரமைப்புக்கு மட்டும் 1978 முதல் 1999 வரை ஆயிற்று. இரண்டையும் ‘சுவரோவியம்’ என்றே எழுதினால், அந்தச் சீரழிவு ஏன் நேர்ந்தது என்று தமிழில் விளக்கவே முடியாது.

பென் லாங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1945இல் பிறந்தவர். வியட்நாம் போரில் பணியாற்றிய பிறகு புளோரன்ஸ் சென்று, இத்தாலிய ஓவியர் பியெத்ரோ அன்னிகோனியிடம் பல ஆண்டுகள் மாணவராக இருந்து இந்த நுட்பத்தைக் கற்றார். வட கரோலினாவில் வெஸ்ட் ஜெஃபர்சன் என்னும் ஊரின் சிறிய தேவாலயத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாக மரியாளை 1974இல் தீட்டினார். பிறகு சார்லட் நகரத்து வங்கிக் கோபுரத்தின் முகப்புக் கூடம்வரை அவருடைய ஓவியங்கள் பரவின. அவர் செய்வது மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலியர் செய்ததேதான்: நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து, வெறும் தண்ணீரில் குழைத்த நிறப்பொடி, அவ்வளவே. பசை கிடையாது. எண்ணெய் கிடையாது.

பசை இல்லாமல் நிறம் எப்படி நிற்கிறது? நம் சொல்லாக்கம் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. புதிதாகப் பூசிய சாந்தில் உள்ள நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை ஏற்று மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அப்படி மாறும்போது பூச்சின் மேற்பரப்பில் படிகங்கள் உருவாகி, அங்கே வைத்த நிறத்துகள்களைத் தம்முள் பூட்டிக்கொள்கின்றன. நிறம் சுவரின் மேல் ஒட்டியிருக்கவில்லை, சுவராகவே ஆகிவிட்டது. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத நிறங்கள் இதற்கு உதவா. அதனால்தான் காவி, மஞ்சட்காவி போன்ற மண் நிறங்களே ஃபிரெஸ்கோவில் மிகுதி. அசுரைட் என்னும் நீலத்தைப் பழைய ஓவியர்கள் பெரும்பாலும் பூச்சு காய்ந்த பிறகு பசை சேர்த்துப் பூசினார்கள். பல தேவாலயங்களில் நீல வானம் மட்டும் உதிர்ந்துபோய் மற்ற நிறங்கள் தங்கியிருப்பது இதனால்தான்.

> ‘ஈரச்சுவர் ஓவியம்’ எளிதாகப் புரியுமே?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இங்கே வேலை செய்வது ஈரம் அன்று. பத்து வருடத்துப் பழைய சுண்ணாம்புச் சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்தால் அதுவும் ஈரச்சுவர்தான். அதில் நிறப்பொடியைத் தண்ணீரில் குழைத்து வரைந்தால் காய்ந்ததும் கையோடு வந்துவிடும், ஏனென்றால் அந்தச் சுண்ணாம்பு கல்லாக மாறி முடித்துவிட்டது. நமக்கு வேண்டிய சொல் ‘இன்னும் மாறி முடியாதது’ என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இருக்கிறது. சுடாத செங்கல்லைப் பச்சைச் செங்கல் என்கிறோம். புதுப் பூச்சைத் தொடப் போனால், ‘பச்சையாக இருக்கிறது, கை வைக்காதே’ என்று கொத்தனார் சத்தம் போடுவார். திருக்குறளில் (660) வருகிற ‘பசுமண் கலம்’ சுடப்படாத மண்பானை. இத்தாலியர் வைத்த பெயருக்கும் ‘புதியது, பசுமை மாறாதது’ என்பதே பொருள். ஆகவே, பசுஞ்சாந்து ஓவியம்.

> ‘பசு’ என்றதும் பச்சை நிறம்தான் நினைவுக்கு வரும். ‘சுதையோவியம்’ நல்லதில்லையா?

நிறக் குழப்பம் முதல் வாசிப்பில் வரலாம். ‘பச்சை மண்’ என்பதை நிறமாக எடுத்துக்கொள்ளாத வாசகர் இதையும் பழகிக்கொள்வார். சுதை அழகான சொல், ஆனால் அது ஏற்கெனவே கோபுரத்தில் குடியேறிவிட்டது. சுதை என்றால் நம் கண்முன் நிற்பது உருவம், தட்டையான ஓவியம் இல்லை.

‘சாந்து’ பெயரில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணம். சார்லட் நகரின் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் பென் லாங் தீட்டிய ஓவியத்தின் ஒரு பகுதி 2002இல் பெயர்ந்து விழுந்தது. அங்கே பூச்சே விழுந்தது, படமும் அதனுடனே போயிற்று. லியொனார்தோவின் சுவரில் நிறம் உதிர்ந்ததும் இதுவும் வெவ்வேறு வகைச் சேதம் என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்க வேண்டும். காய்ந்த பூச்சில் தீட்டுவதற்கு, அதாவது செக்கோவுக்கு, ‘உலர்பூச்சு ஓவியம்’ பொருந்தும்.

இது இத்தாலிக்கு மட்டுமான தேவையும் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1930களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், அவை இறுகாத சுண்ணாம்பில் தீட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவைத் தமிழில் ஒரே சொல்லில் எழுத வழியில்லாமல் இருக்கிறோம்.

அடுத்து ஜோர்னாத்தா, அதாவது ஒருநாளில் பூசித் தீட்டி முடிக்கும் துண்டு. ஒருநாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே மேற்பூச்சைப் பூசுவார்கள். மாலையில் தீட்டாமல் எஞ்சிய சாந்தை ஓரம் சாய்வாக வெட்டி எடுத்துவிடுவார்கள். மறுநாள் அந்த விளிம்பிலிருந்து புதுப்பூச்சு தொடங்கும். வெட்டு முகத்தின் நடுவே வராமல் தலைமுடியின் ஓரத்திலோ ஆடை மடிப்பிலோ மறையும்படி ஓவியர் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்க வழியில்லை, அந்தத் துண்டையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சினால் இந்த விளிம்புகள் புலப்படும். எந்த முகத்துக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று சீரமைப்பாளர்கள் எண்ணிச் சொல்வது இப்படித்தான். ‘நாள்வேலை’ என்ற முன்மொழிவு கூலிக் கணக்கை நினைவூட்டுகிறது. ‘நாட்பூச்சு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அரிச்சோ என்ற சொரசொரப்பான அடுக்குக்கு ‘அடிப்பூச்சு’, அதன்மேல் செங்காவியால் போடும் முதல் வரைவான சினோப்பியாவுக்குக் ‘காவிவரைவு’ என்பவை என் பரிந்துரை. தீட்டுவதற்கான கடைசி மெல்லிய அடுக்கு, இந்தோனாக்கோ, இன்னும் பாக்கி. ‘மேற்பூச்சு’ பொதுச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார்கள் உங்கள் ஊரில் இருந்தால், கடைசி மெல்லிய பூச்சுக்கு அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு இந்த இழையிலேயே எழுதுங்கள்.