குடித்துவிட்டு இடித்தால் இன்சூரன்ஸ் வராதா? தம்பிக்காகக் கேட்கிறேன்

கேள்வி: ஒட்டன்சத்திரம் அக்கா

வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், இதே மாதிரி விபத்தில் கோர்ட்டுக்குப் போய் வந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

என் தம்பிக்கு 31 வயது. டைல்ஸ் ஒட்டும் வேலை. போன மாதம் 9-ஆம் தேதி தாராபுரத்தில் ஒரு புது வீட்டில் வேலை முடித்துவிட்டு, இரவு எட்டரை மணிக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், லைசென்ஸும் இருக்கிறது. எதிரே வந்த கார் தன் பக்கத்தை விட்டு இவன் பக்கம் ஏறி அடித்துவிட்டது. பக்கத்து டீக்கடைக்காரர்தான் ஓடி வந்து தூக்கியவர், 108-க்குப் போன் செய்தவரும் அவரே. கார்க்காரரால் இறங்கி நிற்கவே முடியவில்லை என்றும், காருக்குள் பாதி பாட்டில் கிடந்தது என்றும் அவர் சொல்கிறார். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்ததும் அவர்தான். எங்களுக்கு அவர் யாரென்றே தெரியாது.

தம்பிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு நாள் செலவு அரசின் நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் போனது. அதன் பிறகு கோவை ஆஸ்பத்திரியில் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கிறது. என் நகையும் தம்பி மனைவி நகையும் அடகில் இருக்கின்றன. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், பெரியவள் ஒன்றாம் வகுப்பு.

போன வாரம் கார்க்காரரின் மச்சான், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். 2 லட்சம் தருவதாகச் சொன்னார். "போலீஸில் குடித்திருந்தார் என்று பதிவானால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். நஷ்டம் உங்களுக்குத்தான். தம்பியிடம் வாக்குமூலம் வாங்க வருவார்கள். இருட்டில் சரியாகத் தெரியவில்லை, நானும் கொஞ்சம் நடுரோட்டுக்கு வந்துவிட்டேன், அவர் குடித்திருந்த மாதிரி இல்லை என்று சொல்லச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் பணம் முழுதாக வரும்" என்றார். பத்திரத்தாளில் டைப் செய்தே கொண்டு வந்திருந்தார். நாங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

மனம் கேட்கவில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மையாக இருந்தால், வீம்புக்கு உண்மையைச் சொல்லி அந்தக் குழந்தைகளின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடுவோமோ என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. குடித்துவிட்டு ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்பது நிஜமா?

---

பதில்: பழைய குமாஸ்தா

அம்மா, முதலில் அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். 27 வருடமாக விபத்து வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்தப் பேச்சை எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் கேட்டுவிட்டேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அதில்தான். குடித்துவிட்டு ஓட்டியவர் தன் காருக்கு ஆன சேதத்தைக் கேட்டால் நிறுவனம் மறுக்கலாம். டெல்லியில் விபத்தில் சிக்கிய ஒரு போர்ஷே கார் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2021-ல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "குடித்தால் இன்சூரன்ஸ் இல்லை" என்ற பேச்சு பொருந்துவது இந்த இடத்துக்குத்தான். உங்கள் தம்பி அந்தப் பாலிசிக்கு மூன்றாம் நபர், அதாவது அந்த வண்டியால் பாதிக்கப்பட்ட வெளி ஆள். அவருக்காகவே சட்டம் தேர்டு பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. உயிருக்கும் உடம்புக்கும் அதில் தொகை வரம்பு கிடையாது.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, போதையில் ஓட்டியதையும் நிறுவனம் எதிர்வாதமாக எடுக்கலாம் என்று 150-ஆவது பிரிவில் சேர்த்தார்கள். அதனால் நிறுவனத்தின் வக்கீல் அதை எழுப்பத்தான் செய்வார். அதற்குக் கோர்ட்டுகள் சொல்லும் வழி, முதலில் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டி முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது. நாங்கள் இதை "பே அண்ட் ரெக்கவரி" என்போம். லைசென்ஸ் தகராறு வழக்குகளில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. குடிபோதை வழக்கிலேயே கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் அப்படிச் சொன்னது, நம் சென்னை உயர் நீதிமன்றமும் 2025-ல் அதே வழியில் போனது. உங்கள் வக்கீல் இதை ஆரம்பத்திலிருந்தே விடாமல் கேட்க வேண்டும்.

இப்போது அந்த மச்சான் ஏன் உங்கள் வீட்டுக்கு வந்தார் என்று யோசித்துப் பாருங்கள். குடித்தது நிரூபணமானால் நிறுவனம் உங்களுக்குக் கட்டிய பணத்தை அவர்களிடம் திருப்பிக் கேட்கும். அவர்களின் பயம் அது. உங்கள் நஷ்டத்தைத் தடுக்க யாரும் ஆள் கூட்டிக்கொண்டு வரவில்லை.

குடித்ததை மறைப்பதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது இன்னொரு வரி. "நானும் கொஞ்சம் நடுரோட்டுக்கு வந்துவிட்டேன்." இது தம்பியின் வாயிலிருந்து போலீஸ் காகிதத்தில் ஏறிவிட்டால், அவர் மீதும் தவறு என்று பாதி வரைக்கும் தொகையைக் குறைக்க இடம் கொடுத்த மாதிரி. டீக்கடைக்காரர் புகாரில் ஒன்று, தம்பி வாக்குமூலத்தில் வேறொன்று என்றால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்து உலுக்குவார்கள். தம்பி நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். அவர் கண்ணால் பார்க்காததைச் சேர்க்கவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இழப்பீடு கிடைக்க, கார்க்காரர் குடித்திருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கவனக்குறைவாக ஓட்டினார் என்பது போதும். கார் தவறான பக்கம் வந்தது, விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகஜரிலும் ரஃப் ஸ்கெட்சிலும் தெரியும். குடித்ததற்கான 185-ஆவது பிரிவு கிரிமினல் பக்கம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம், முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடை அடித்தது என்பது மட்டும் அதற்குப் போதாது. அன்று ரத்தம் எடுத்தார்களா என்று விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள்.

தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 2 லட்சம் பெரிய பணமாக உங்களுக்குத் தோன்றுகிறது என்று தெரிகிறது. தம்பியின் மாத வருமானத்தைத் தீர்ப்பாயம் 15,000 என்றே வைத்துக்கொள்ளட்டும். 40 வயதுக்குக் குறைந்தவர், சொந்தக் கைத்தொழில் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேரும். 21,000 ஆயிற்று. வருடத்துக்கு 2,52,000. 31 வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 40,32,000. இதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனது என்பதுதான் சண்டையே. மெடிக்கல் போர்டு காலை மட்டும் பார்த்து ஒரு சதவீதம் எழுதும். ஆனால் டைல்ஸ் ஒட்டுகிறவர் நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, முட்டி போட்டு வேலை செய்கிறவர். அந்தத் தொழிலே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018-ல் ஒரு தச்சருக்கு 90 சதவீத ஊனம் என்று சான்று இருந்தும், கைத்தொழில் போனதால் அதை 100 என்றே எடுத்தார்கள். உங்கள் வழக்கில் 80 என்று ஏற்றால்கூட 32 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை, செயற்கைக் கால், சில வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவு எல்லாம் தனி. இவ்வளவு நிச்சயம் வரும் என்று சொல்லவில்லை. கணக்கு எப்படி ஓடும் என்று காட்டுகிறேன்.

நாளைத் தள்ளாதீர்கள். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தாராபுரத்துக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குள் இருக்கும் தீர்ப்பாயத்திலேயே எம்.சி.ஓ.பி. என்ற விபத்து இழப்பீட்டு மனுவைப் போடலாம். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில், கோவைக்குப் போய் வந்த வாடகை வண்டிச் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்தக் காரின் நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போட்டு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் பேச்சே வேறு.

---

பதில்: மணப்பாறை மகள்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டு முற்றம்தான் கண்ணில் வந்தது. 2018-ல் எங்கள் அப்பா பால் சொசைட்டிக்கு நடந்து போனபோது, குடித்துவிட்டு வந்த வேன்காரன் இடித்துச் செத்துப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடியும் முன்பே காகிதத்தோடு வந்தார்கள். அம்மா அழுதுகொண்டே கைநாட்டு வைத்தாள். ஒன்றரை லட்சம். அதில் "இறந்தவர் திடீரென்று குறுக்கே ஓடி வந்தார்" என்று எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாது. பிறகு வழக்குப் போட்டபோது அந்தக் காகிதத்தைத்தான் முதலில் நீட்டினார்கள். நாலரை வருடம் ஆனது. அப்பா மீது 30 சதவீதத் தவறு என்று தீர்ப்பில் வந்தது. பணம் குறைந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டோம். அப்பா தப்பாகப் போய்ச் செத்தார் என்று கோர்ட்டுத் தாளில் இருப்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. அவர் எப்போதும் ஓரமாகத்தான் போவார்.

இன்னொன்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலர் வக்காலத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வருகிற தொகையில் 30 சதவீதம், 35 சதவீதம் என்பார்கள். அப்படிச் சதவீதம் பேசுவது வக்கீல்களுக்கான விதிப்படியே தப்பு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எங்களுக்கு இதைச் சொல்ல அன்று ஆள் இல்லை.

---

பதில்: நத்தம் ரோடு

எனக்கு ஒரு கேள்வி. குடித்தவனைப் பிடிக்கிறோம், வண்டிக்காரனைப் பிடிக்கிறோம். எட்டு மணிக்கு நிற்கக்கூட முடியாதவனுக்கு ஊற்றிக் கொடுத்து, அவன் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாரையும் அந்த வழக்கில் சேர்க்க முடியாதா?

---

பதில்: பழைய குமாஸ்தா

நியாயமான கோபம். ஆனால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில் பொறுப்பு ஓட்டுநர், வண்டி முதலாளி, காப்பீட்டு நிறுவனம் என்ற மூவரோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் போதை ஏறியவருக்கு மேலும் ஊற்றிய கடைக்காரர் மீதே வழக்குப் போடலாம். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். மறு வருடமே நகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று தளர்த்திவிட்டார்கள். கடை எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றித்தான் அதுவும் பேசியது. குடித்தவர் இடித்தால் கடைக்கு என்ன பொறுப்பு என்று அதில் இல்லை. இருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமும்.

மணப்பாறை சகோதரி, மேல்முறையீடு செய்தீர்களா? அந்த 30 சதவீதத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீட்டு மனு போட்டுக் கேட்டிருக்கலாம். தீர்ப்பு நகலை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கவும் வழி இருக்கிறது, கிடைப்பது நீதிபதி கையில்.

---

பதில்: ஒட்டன்சத்திரம் அக்கா

ஐயா, மணப்பாறைத் தங்கச்சி, இரண்டு பேர் எழுதியதையும் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நான் என் பக்கத்தில்தான் வந்தேன் அக்கா" என்று மட்டும் சொன்னான்.

பத்திரத்தாளை இன்று காலை அந்தப் பெரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். செயலியில் பார்த்தோம், கார் இன்சூரன்ஸ் அடுத்த பிப்ரவரி வரை இருக்கிறது. நாளை மாமாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். நகலும், ரத்தம் எடுத்தார்களா என்ற விவரமும் கேட்கப் போகிறோம். டீக்கடைக்காரரையும் பார்த்துவிட்டு வர வேண்டும், இதுவரை ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். தம்பிக்குச் சம்பளச் சீட்டு எதுவும் கிடையாது. அந்த 15,000-ஐயாவது எதை வைத்துக் காட்டுவது? மேஸ்திரியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தம்பி பெயருக்கு நேராக ஏப்ரலில் 26 நாள், நாள் ஒன்றுக்கு 950 ரூபாய் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். அது செல்லுமா?

---

பதில்: பழைய குமாஸ்தா

அந்த நோட்டைப் பத்திரப்படுத்துங்கள் அம்மா. பென்சில் எழுத்தின் மேல் பேனாவால் எழுதிவிடாதீர்கள், இருக்கிறபடியே இருக்கட்டும். மேஸ்திரி கூண்டேறி "இது என் கையெழுத்து, இந்தக் கூலிதான் கொடுத்தேன்" என்று சொல்ல வருவாரா என்று கேளுங்கள். கூலி போனில் வந்திருந்தால் பேங்க் ஸ்டேட்மென்ட் ஒரு வருடத்துக்கு எடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருந்தால் அதுவும் வேண்டும்.