பதில்: சீனச் சந்தைக் கடிகாரங்கள் – ‘எனாமல்’ என்பதைச் சுடுபூச்சு எனலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். சீனச் சந்தைக்கென்று ஐரோப்பாவில் செய்த பழைய கடிகாரங்களைப் பற்றி எழுதத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம் அல்லவா, அதில் ‘எனாமல்’ என்பதற்குச் ‘சுடுபூச்சு’ என்றேன். அதற்கு வந்த மறுப்புகளுக்கு இது பதில்.

> ‘பற்சிப்பி ஓவியத் தங்கப் பைக்கடிகாரம்’ என்று வைத்துக்கொள்ளலாமே? அகராதியில் இருக்கும் சொல்தானே, ஐயா.

பைக்கடிகாரம் எனக்குச் சம்மதம். பற்சிப்பி மட்டும் வேண்டாம். அது பல் மருத்துவரின் சொல். ஏல விவரப் பட்டியலில் வந்தால் யாரோ பல்லில் படம் வரைந்த மாதிரி இருக்கும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் லண்டன், ஜெனீவா, பிறகு சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே ஆகிய ஊர்களில் செய்து, கான்டன் துறைமுகம் வழியாகச் சீனாவில் விற்றவை இவை. ஃப்ளூரியேக்காரரான எடுவார் போவே 1818இல் கான்டன் போனார். 1822இல் இந்த வியாபாரத்துக்கென்றே கம்பெனி தொடங்கினார். முகப்பு பெரும்பாலும் வெறும் வெள்ளைதான், நடுவிலிருந்து நீளும் விநாடி முள்ளோடு. திருப்பினால்தான் விஷயமே இருக்கிறது. பின்மூடி முழுக்க ஒரு பூங்கொத்தோ ஏரிக்காட்சியோ, விளிம்பைச் சுற்றிப் பாதியாக அறுத்துப் பதித்த முத்துகள்.

அந்தப் படம் பெயின்ட் அல்ல, கண்ணாடி. வெள்ளைக் கண்ணாடியைப் பொடியாக்கித் தங்கத் தகட்டில் பரப்பி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். தகட்டின் மறுபுறமும் ஒரு பூச்சு வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது வளைந்துவிடும். அந்த வெண்தளத்தின் மேல் உலோக ஆக்சைடு வண்ணங்களை எண்ணெயில் குழைத்து மெல்லிய தூரிகையால் தீட்டுவார்கள். மறுபடி சூளை, மறுபடி வண்ணம். கடைசியாக நிறமில்லாத கண்ணாடிப் படலம் ஒன்றைப் படத்தின் மேல் உருக்கி மூடுவது ஜெனீவாக்காரர்களின் கைத்திறம். கடைசிச் சூட்டில் ஒரு விரிசல் விட்டாலும் அவ்வளவு வேலையும் போச்சு.

ஆக, பூசுவது, சுடுவது இரண்டும் பெயரில் வர வேண்டும். சுடுமண் என்று ஏற்கெனவே பழகியிருக்கிறோம். அதே வழியில் ‘சுடுபூச்சு’.

> நகைக்கடைகளில் ‘மீனா வேலை’ என்கிறார்களே, அதுவே போதாதா?

நல்ல சொல்தான், ஆனால் ஜெய்ப்பூர் மீனாகாரி வேறு வகை. அதில் தங்கத்தைக் குடைந்து அந்தக் குழிகளில் வண்ணத்தை நிரப்புவார்கள். ஜெனீவாவில் சமதளத்தில் தூரிகையால் தீட்டுவார்கள். அடிச்சொல் பொதுவாக இருந்தால் முன்னே அடைமொழி போட்டு வகை பிரிக்கலாம். சீனர்களும் ‘ஃபாலாங்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அதன்முன் ‘ஓவியம்’, ‘கம்பி’ (மெல்லிய கம்பிகளால் கட்டம் கட்டி, நடுவே வண்ணம் நிரப்புவது) என்று சேர்த்துத்தான் பிரிக்கிறார்கள். நாமும் கம்பிச் சுடுபூச்சு, குழிச் சுடுபூச்சு, ஓவியச் சுடுபூச்சு என்று போகலாம். (‘தீட்டுச் சுடுபூச்சு’ என்று தனிமடலில் எழுதிய நண்பருக்கு: வேண்டவே வேண்டாம், பாட்டி பக்கத்திலேயே விடமாட்டார்.)

> சைக்கிள் ஃபிரேமுக்கு அடிக்கும் பெயின்டையும் சுடத்தானே செய்கிறார்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் அங்கே பெயின்ட் சூட்டில் இறுகுகிறது, கண்ணாடியாக உருகுவதில்லை. அதை இப்போதே எனாமல் பெயின்ட் என்கிறோம். அந்தக் குழப்பத்தை இந்தக் கடிகாரங்கள் மேல் ஏற்ற வேண்டாம் என்பதற்காகத்தான் புதுச்சொல்லே தேடுகிறோம். ‘சுடுகண்ணாடி’ இன்னும் துல்லியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கடிகாரத்தின் சுடுகண்ணாடி’ என்று எழுதினால் முகப்பை மூடிய கண்ணாடி என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. சில மூடிகளில் ஒளி புகும் நீலத்துக்கோ சிவப்புக்கோ அடியில் அலை அலையாகக் கோடுகள் மின்னும். தங்கத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து வெட்டிய கோடுகள் அவை. பட்டறையில் கடைசல் வேலை என்பது எல்லாருக்கும் தெரிந்த பேச்சு, ‘கடைசல்வரி’ போதும்.

அப்புறம், சீனாவுக்குப் போன கடிகாரங்களில் பல ஜோடியாகவே செய்யப்பட்டவை. ஒன்றில் கிளி இடப்பக்கம் பார்த்தால் மற்றதில் அதே கிளி வலப்பக்கம் பார்க்கும். ‘ஆடி இணை’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். என் ஓட்டு ‘இடவல இணை’க்கு. மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் சுடுபூச்சு, கடைசல்வரி, இடவல இணை மூன்றையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.