சூலூர்பேட்டையிலிருந்து ஏர்போர்ட்: விம்கோ நகரா, சென்ட்ரலா?

ஏரிக்கரை: அம்மா தனியாகச் சென்னை ஏர்போர்ட் போக வேண்டும். மதியம் ஃப்ளைட், காலையிலேயே சூலூர்பேட்டையில் லோக்கல் ஏறுகிறார். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் போர்டு படிக்க வராது, இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். மெட்ரோவுக்கு எங்கே இறங்கச் சொல்லட்டும்?

தடா டீக்கடை: விம்கோ நகர். இதில் பேச்சே கிடையாது. லோக்கல் நிற்கும், மெட்ரோ நடக்கிற தூரம். அங்கிருந்து நீல லைன் நேராக ஏர்போர்ட். 30 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் எங்கேயும் மாற வேண்டாம். லைன் தொடங்குகிற பக்கம் என்பதால் சீட்டும் கிடைக்கும்.

ஆரம்பாக்கம் அக்கா: வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறீர்கள் தம்பி, லோக்கல் பெட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள். காலையில் மீஞ்சூர் தாண்டினால் வாசல் வரை ஆள். நிற்பதோ அரை நிமிஷம். பெட்டியோடு ஒரு அம்மா நடுவழியில் எப்படி இறங்குவார்? சென்ட்ரல் என்றால் வண்டியே காலியாகிவிடும், நிதானமாக இறங்கலாம். மெட்ரோவும் பக்கத்திலேயே, சுரங்கத்துக்குள்.

தடா டீக்கடை: இறங்கிவிடலாம் அக்கா, அப்புறம்? அங்கே இரண்டு லைன், வெவ்வேறு தளம். பச்சையில் ஏறினால் எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று ஊர் சுற்றிப் பரங்கிமலையில் கொண்டுபோய் விடும். நீலத்தில் எதிர்ப்பக்கம் ஏறினால் திரும்ப விம்கோ நகர்தான்! சரியான பக்கமே ஏறினாலும், கூட்ட நேரத்தில் ஆலந்தூரோடு முடிகிற வண்டி உண்டு.

ஆரம்பாக்கம் அக்கா: பச்சையில் ஏறினால்தான் என்ன, குடியா முழுகிவிடும்? இரண்டு லைனும் ஆலந்தூரில் மறுபடி சேர்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வராமல் அங்கேயே நீலத்துக்கு மாறினால் நங்கநல்லூர் ரோடு, மீனம்பாக்கம், அடுத்தது ஏர்போர்ட். ஆலந்தூரோடு முடிகிற வண்டிக்கும் இதே கதைதான். மெட்ரோவில் வழி தவறினால் திருத்திக்கொள்ளலாம். லோக்கலில் விம்கோவை விட்டால் அந்த அம்மா பதறிப்போவார்.

ஷிஃப்ட் முடிஞ்சுது: இரண்டு பேரும் அவரைப் பரீட்சைக்கு அனுப்புகிறீர்கள். தெலுங்கில் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: நீல லைன், கடைசி ஸ்டேஷன். அதன் கீழே தமிழில் பெரிதாக ‘விமான நிலையம்’. யாரிடமாவது நீட்டினால் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஏரிக்கரை: சீட்டெல்லாம் நீட்ட மாட்டார் அண்ணா. ரிட்டயர்டு டீச்சர். வாயால் கேட்பார், அதுவும் அதட்டித்தான் கேட்பார்.

தடா டீக்கடை: அப்படியா! டீச்சரம்மா அதட்டினால் விம்கோவில் வாசல் தானாக வழிவிடும். லேடீஸ் பெட்டியில் ஏறட்டும். எண்ணூர் வந்ததும் எழுந்து வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். அடுத்தது கத்திவாக்கம், அதற்கு அடுத்தது விம்கோ.

ஆரம்பாக்கம் அக்கா: எண்ணூரில் எழுந்து பெட்டியோடு நிற்க இடம் எங்கே இருக்கும், அதை முதலில் சொல்லுங்கள். ஏரிக்கரை தம்பி, உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். அவர் சென்ட்ரல் என்றுதான் சொல்வார்.