நீர் தேங்கிய தக்காளி: செடியின் கைனேஸா, பாக்டீரியாவின் நொதியா?

பாலக்கோடு ஆசிரியை:
ஐப்பசி மழையில் எங்கள் தக்காளித் தோட்டத்தின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் வடியாமல் நின்றது. இலைகள் வாடவில்லை, தொட்டால் விறைப்பாகவே இருந்தன. ஆனால் இலைக்காம்புகள் மட்டும் தண்டை நோக்கிக் கீழே வளைந்துவிட்டன. பாக்டீரியாக் கரைசலில் வேரை நனைத்து நட்ட சால்களில் இந்த வளைவு குறைவாகத் தெரிந்தது. செடி நெருக்கடியை உணர்ந்து நடந்துகொள்வதில் புரத கைனேஸ்களுக்கு, அதாவது பிற புரதங்கள் மீது பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகளுக்கு, பெரும் பங்கு உண்டு என்று படித்திருக்கிறேன். அப்படியானால், பாக்டீரியா அந்தக் கைனேஸ்களைத் தூண்டித்தான் இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறதா?

ராயக்கோட்டை ஆய்வு மாணவர்:
அம்மா, நீங்கள் பார்த்தது வாட்டம் அன்று, செடியின் வாயு ஹார்மோனான எத்திலீனின் வேலை. எத்திலீனுக்கு முந்தைய பொருளான ஏசிசியை எத்திலீனாக மாற்றும் ஏசிசி ஆக்சிடேஸ் நொதிக்கு ஆக்சிஜன் தேவை. நீரில் மூழ்கிய வேரில் அது கிடைக்காததால், ஏசிசி அங்கேயே சேர்ந்து, நீரை மேலே கடத்தும் சைலம் வழியாக மேலேறி, காற்றுபடும் இலைகளை அடைந்த பிறகே எத்திலீனாகிறது. அதனால் காம்பின் மேற்புறச் செல்கள் கீழ்ப்புறத்தைவிடக் கூடுதலாக நீள, காம்பு வளைகிறது. ஏசிசி இவ்வாறு மேலேறுவதை பிராட்போர்டும் யாங்கும் 1980இல் தக்காளியிலேயே காட்டினார்கள்.

சில மண் பாக்டீரியாக்களிடம் உள்ள ஏசிசி டிஅமினேஸ் என்ற நொதி, ஏசிசியை அம்மோனியாவாகவும் ஆல்ஃபா கீட்டோபியூட்டிரேட்டாகவும் உடைக்கிறது. பாக்டீரியாவுக்கு அது நைட்ரஜன் உணவு. வேரிலிருந்து கசியும் ஏசிசியை அது உண்ண உண்ண, மேலேறும் அளவு குறைகிறது. இதற்காகச் செடியின் கைனேஸ் எதையும் அது தொட வேண்டியதில்லை.

பாலக்கோடு ஆசிரியை:
நன்றி தம்பி. கைனேஸ்களுக்கு இதில் இடமே இல்லையா?

ராயக்கோட்டை ஆய்வு மாணவர்:
உண்டு. ஏசிசியை உருவாக்கும் ஏசிசி சிந்தேஸ் நொதி செல்லில் நெடுநேரம் நிலைப்பதில்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் எம்பிகே6 என்ற கைனேஸ் அதன் மீது பாஸ்பேட்டை ஏற்றியதும், அது சிதையாமல் நிலைத்து எத்திலீன் உற்பத்தி உயர்வதை 2004இல் கண்டறிந்தார்கள். அதாவது, இந்தக் கைனேஸின் வேலை ஏசிசி உருவாவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எத்திலீன் உருவான பின் வருவது 1993இல் அடையாளம் காணப்பட்ட சிடிஆர்1 கைனேஸ். எத்திலீன் இல்லாதவரை இது வேலை செய்து, எத்திலீனின் விளைவுகளை அடக்கி வைக்கிறது. எத்திலீன் தன்னை உணரும் புரதமான ஏற்பியில் சேர்ந்ததும் இது ஓய்ந்துவிட, விளைவுகள் தொடங்குகின்றன. கைனேஸ் என்றாலே தூண்டுவது என்று பாடநூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன. சிடிஆர்1 பூட்டாகவே இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், ஏசிசியில்தான் பாக்டீரியா கைவைக்கிறது.

கிருஷ்ணகிரி நாற்றுப்பண்ணை:
விளக்கம் சரிதான், ஆனால் நனைத்து நட்ட சால்கள் சற்று மேட்டில் இருந்தனவா என்பதை முதலில் பாருங்கள், அம்மா. இரண்டு விரல்கடை உயரம்கூடப் போதும், வேருக்குக் காற்று கிடைத்துவிடும். மேலும், உயிர் உரமாக விற்கும் எல்லாப் பாக்டீரியாவிலும் அந்த நொதி இருப்பதில்லை. அசோஸ்பைரில்லத்திலேயே சில வகைகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. நுண்ணுயிர் ஆய்வகத்தில், ஏசிசி மட்டுமே நைட்ரஜன் உணவாக உள்ள ஊடகத்தில் உங்கள் பாக்டீரியாவை வளர்த்து, அந்த நொதி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த நடவில் ஒரே தாழ்ந்த பாத்தியில், ஒரு சாலை அந்தக் கரைசலிலும், அடுத்த சாலை அதே கரைசலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டதிலும் நனைத்து நட்டால், வேறுபாடு உயிருள்ள பாக்டீரியாவால் வந்ததா என்பது தெரியும்.