மறு: டீமனுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சர்வருக்குள் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டே இருக்கும் நிரலை டீமன் (daemon) என்கிறோமே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று வாரமாக இந்த இழை ஓடுகிறது. நான் வாயே திறக்கவில்லை. டீமன் என்றால் எனக்குப் புரிகிறது, கூட வேலை செய்கிறவர்களுக்கும் புரிகிறது, பிறகு எதற்கு வம்பு என்று சும்மா இருந்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரியோடு அந்த எண்ணம் போய்விட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெங்களூரு முருகேஷ்பாளையாவில் வீடு. ராத்திரி 2 மணி இருக்கும், போன் அடித்தது. அன்றைக்கு ஆன்கால் முறை (சர்வரில் கோளாறு என்றால் எழுந்து பார்க்கும் பொறுப்பு) என்னுடையதில்லை. புதிதாகச் சேர்ந்த தருமபுரித் தம்பியுடையது. கெட்டிக்காரன்தான், ஆனால் வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, டிஸ்க் நூறு சதவீதம்னு அலர்ட் வந்துச்சு. லாக் அடைவுல ஒரே ஃபைல் 38 ஜிபி இருந்துச்சு. ஆர்எம் போட்டுத் தூக்கிட்டேன். இப்பவும் நூறுதான் காட்டுது. எதையாவது உடைச்சிட்டேனா?"

சர்வர் பார்க்கிறவர்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்கு: லாக் என்பது சர்வரில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவு, அடைவு என்பது ஃபோல்டர், ஆர்எம் என்பது கோப்பை அழிக்கும் கட்டளை. மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை டிஸ்க் நிரம்பி வழிகிறது என்கிறது. டியூ போட்டு அடைவு அடைவாகக் கூட்டினால் 11 ஜிபிதான் வருகிறது. இரண்டு கணக்கும் ஒட்டவில்லை. ஆர்எம் கட்டளை கோப்பின் பெயரை அடைவிலிருந்து அடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கோப்பை ஏதாவது ஒரு செயல் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைத்திருக்கும்வரை உள்ளே இருப்பது டிஸ்கில் அப்படியே கிடக்கும். கடைசிப் பெயரும் போய், கடைசியாகத் திறந்து வைத்திருந்தவரும் கையை எடுத்தால்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் இடத்தைத் திருப்பித் தரும்.

"லாக் எழுதுற டீமன் இன்னும் திறந்து வெச்சிருக்குடா" என்றேன். அவனுக்குப் பிடிபடவில்லை. "டீமன்னா அந்த சர்வீஸ்தானே? நான்தான் ஃபைலையே அழிச்சிட்டேனே, அப்புறம் அதுகிட்ட எப்படி இருக்கும்?" அவன் மனசில் டீமன் என்பது ஓர் ஆள் இல்லை, எங்கேயோ ஆன் பண்ணி வைக்கிற ஒரு சுவிட்சு.

தூக்கக் கலக்கத்தில் நான் சொன்னது இதுதான்: "டேய், அந்த சர்வருக்குள்ள நம்ம கண்ணுல படாம ஒருத்தன் உக்காந்திருக்கான். நாம எப்பவோ ஏவி விட்ட ஆள். கையில ஒரு நோட்டு வெச்சு எழுதிக்கிட்டே இருக்கான். நீ அலமாரியில ஒட்டியிருந்த சீட்டைத்தான் கிழிச்ச. நோட்டு அவன் கையிலயே இருக்கு."

இரண்டு நொடி சத்தமில்லை. அப்புறம், "அப்ப அவன்கிட்ட சொல்லி வேற நோட்டு எடுக்கச் சொல்லணும்."

அதே. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. எல்எஸ்ஓஎஃப் போட்டு, பெயர் அழிந்தும் திறந்தே கிடக்கும் கோப்புகளை மட்டும் பட்டியலிட்டான். ஒரே வரி. கடைசியில் 'டெலிட்டட்' என்றிருந்தது, முன்னால் செயல் எண். அந்த எண்ணுக்கு, லாக்கை மூடித் திற என்று சொல்லும் ஒரு ஹப் சைகை அனுப்பினான். நூறிலிருந்த டிஸ்க் 24க்கு இறங்கியது. நான் திரும்பப் படுத்தேன், தூக்கம்தான் வரவில்லை. 'ஏவி விட்ட ஆள்' என்று யோசிக்காமல் வாயில் வந்ததே, அதுதான் சுற்றிச் சுற்றி வந்தது.

சரி, இனி இழையில் வந்தவற்றுக்கு வருகிறேன்.

> பேய் என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லே அதுதானே. பிஎஸ்டியின் சின்னத்தைப் பாருங்கள், கையில் சூலம் வேறு.

பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தின் அந்தச் சிவப்புக் குட்டிப்பையனை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவன் பின்னால் வந்தவன். இந்தச் சொல்லைக் கணினிக்குக் கொண்டுவந்தது எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, 1963 வாக்கில், ஐபிஎம் 7094 பொறியில் வேலை செய்தபோது. அவர்கள் மனசில் இருந்தது மாக்ஸ்வெல்லின் பூதம். 1867இல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் ஒரு கடிதத்தில் கற்பனை செய்த வாயிற்காவலன் அது: இரண்டு அறைக்கு நடுவே ஒரு சின்னக் கதவு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வேகமாக வரும் மூலக்கூறை ஒரு பக்கமும் மெதுவாக வருவதை இன்னொரு பக்கமும் பிரித்து விட்டுக்கொண்டே இருக்கும். சலிக்காமல், கண்ணில் படாமல், யாரும் நினைவுபடுத்தாமல். கோர்பட்டோ குழுவின் முதல் டீமன் செய்த வேலையும் அப்படித்தான், கோப்புகளைத் தானாக நாடாவில் நகல் எடுத்து வைப்பது. யாரையும் பிடித்து ஆட்டவில்லை. கிரேக்கத்திலும் பழைய பொருள், கூடவே இருக்கும் ஓர் ஆவி. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நம் ஊரில் பேய்க்கு அந்தச் சலுகை கிடையாது.

(டீமன் என்பது 'டிஸ்க் அண்ட் எக்ஸிக்யூஷன் மானிட்டர்' என்பதன் சுருக்கம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சொல் வந்தபிறகு உட்கார்ந்து கட்டிய விரிவாக்கம். விட்டுவிடலாம்.)

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. ஆபீசில் பக்கத்து இருக்கைக் கன்னடக்காரரிடம் பேய் யோசனையைச் சொன்னேன். "தெவ்வானா?" (கன்னடத்தில் பேய்) என்று கேட்டவர், அந்த வாரம் முழுக்க நான் எந்தச் சர்வரில் கைவைத்தாலும் "எலுமிச்சம்பழம் வேண்டுமா சார்" என்றுதான் கேட்டார்.

> குட்டிச்சாத்தான்! சொன்ன வேலையைச் செய்யும்.

இதைப் படித்துச் சிரித்தேன், ஏனென்றால் கதையே எதிராகப் போகிறது. குட்டிச்சாத்தானுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எஜமானையே தின்றுவிடும். கடைசியில் அவன் நாய்வாலை நிமிர்த்தச் சொல்லித் தப்பிக்கிறான். நல்ல டீமன் இதற்கு நேர்மாறு. வேலை வரும்வரை தூங்கும், அந்த நேரத்தில் சிபியூவில் ஏறக்குறைய சுழியம். வேலையில்லாத நேரத்திலும் சிபியூவைத் தின்றுகொண்டு டாப் கட்டளையில் முதல் வரியில் நிற்கிற டீமனைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் குட்டிச்சாத்தான் என்று பெயர் வைக்க எனக்குச் சம்மதம்.

> பின்னணிச் செயல் போதுமே. எதற்குப் புதுச்சொல்?

இதுதான் இழையில் அதிகம் பேர் ஆமோதித்தது, அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். கட்டளையின் கடைசியில் அந்த 'அண்ட்' குறியைப் போட்டு எண்டர் தட்டினால் அது பின்னணிக்குப் போகிறது. அப்படி ஒன்றை ஓடவிட்டு, ஓடும் செயல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் முழுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். டிடிஒய் என்கிற பத்தியில் உங்கள் முனையத்தின் (நீங்கள் கட்டளை தட்டும் சாளரத்தின்) பெயர் இருக்கும். பின்னணியில் ஓடினாலும் முனையத்தோடு கட்டிய கயிறு அறுபடவில்லை. அதே பத்தியில், தொலைவிலிருந்து வருகிறவர்களை உள்ளே விடும் எஸ்எஸ்ஹெச்டிக்கு நேரே பாருங்கள், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் டீமனுக்கு நேரே பாருங்கள்: ஒரு கேள்விக்குறி. எந்த முனையமும் இல்லை. வித்தியாசம் அந்த ஒற்றைக் கேள்விக்குறிதான், பின்னணிச் செயல் என்ற பெயர் அதை அழித்துவிடுகிறது.

ஹப் சைகையின் கதையும் இதிலிருந்துதான் வருகிறது. எண் 1 சைகை. தொலைபேசி லைன் வழியாக முனையம் இணைந்திருந்த காலத்தில், லைன் அறுந்தால் 'உன் ஆள் போனை வைத்துவிட்டார்' என்று செயலுக்குச் சொல்வதற்கு வந்தது. முனையமே இல்லாத டீமனுக்கு யார் போனை வைப்பது? சும்மா கிடந்த சைகையை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்: அமைவுக் கோப்பைத் திரும்பப் படி, லாக்கை மூடித் திற. எல்லா டீமனும் ஒரே மாதிரி கேட்காது என்பதையும் சொல்ல வேண்டும். வலைப்பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸில் ஹப் அனுப்பினால் அமைவைத் திரும்பப் படிக்கும். லாக்கை மட்டும் மாற்ற யூஎஸ்ஆர்1 என்று தனிச் சைகை. இத்தனையும் அனுப்பும் கட்டளைக்குப் பெயர் கில். பெயர்தான் கொலை, பார்ப்பது பெரும்பாலும் தபால்காரர் வேலை. தம்பி அன்றைக்கு கில் மைனஸ் 9 (நிஜமாகவே கொல்லும் சைகை) போட்டிருந்தாலும் இடம் திரும்பியிருக்கும்தான், ஆனால் லாக் எழுத ஆளிருந்திருக்காது.

அநாதைச் செயல் என்று ஒருவர் சொல்லியிருந்தார். பழைய முறைப்படி சரிதான்: டீமனாக மாறும் நிரல் தன்னைப் பிரித்துக்கொள்ளும், பெற்ற செயல் வெளியேறிவிடும், பிள்ளையை, கணினி எழும்போது முதலில் ஓடும் எண் 1 செயல் தத்தெடுக்கும். ஆனால் 2010இல் லினக்ஸில் அந்த எண் 1 வேலைக்கு சிஸ்டம்டி வந்தபிறகு பெரும்பாலும் எண் 1 செயலே நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும்போது அநாதை என்பானேன்.

> காவல் என்ற சொல்லை வைத்து ஏதாவது செய்யலாமே? பதினெட்டாம்படிக் கருப்பு மாதிரி.

மதுரை அக்கா எழுதிய இதைத்தான் என்னால் லேசில் தள்ள முடியவில்லை. அழகர்கோயிலில் கருப்பசாமிக்குச் சிலை கிடையாது, சாத்திய கதவுக்குத்தான் பூசை. உள்ளே ஆள் இருக்கிறார் என்பதற்குக் கதவே சாட்சி. எஸ்எஸ்ஹெச்டி 22ஆம் எண் வாசலில் (போர்ட்) நிற்பதும் இப்படித்தான்; நாம் பார்ப்பது வாசலை மட்டும். ஆனால் அக்கா, எல்லா டீமனும் வாசலில் நிற்பதில்லையே. க்ரான் டீமன் மணியடிக்கிற ஆள். நேரத்தைச் சரிபார்க்கிற என்டிபிடி கடிகாரக்காரர். லாக் எழுதுகிறவர் கணக்குப்பிள்ளை. காவல் என்றால் இவர்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள்.

இத்தனை பேருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். யாரோ ஏவி விட்டிருக்கிறார்கள்; ஏவியவர் போய்விட்டார்; இவர்கள் வேலையை நிறுத்தவில்லை. அதனால் நான் முன்வைப்பது ஏவலி.

செயல், செயலி என்றான மாதிரி ஏவல், ஏவலி. செயலி என்ற சொல் இன்று கைப்பேசியில் எல்லார் வாயிலும் புழங்குகிறது, ஆகவே அந்த வார்ப்பு காதுக்குப் புதிதில்லை. ஏவலாள், ஏவலர் என்ற சொற்கள் பணியாளுக்கு ஏற்கெனவே உண்டு. வெறும் 'ஏவல்' என்றே வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இலக்கணத்தில் வா, போ, செய் என்பவை ஏவல் வினை. கட்டளைவரி பேசுகிற இடத்தில் ஏவல் என்றால் கட்டளை என்றுதான் ஆள் புரிந்துகொள்வார்கள். அந்தக் குழப்பத்தை ஒரு 'இ' தீர்த்துவிடுகிறது.

பில்லி சூனியம் ஏவல் என்று ஒரு வரிசை இருக்கிறதே, ஜனங்கள் பயப்பட மாட்டார்களா? வீட்டில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பள்ளிக்கூடத்தில் செய்வினை, செயப்பாட்டுவினை படித்தோம். செய்வினைக்கும் அந்தப் பொருள் உண்டு, எந்தப் பிள்ளையும் தாயத்துக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போகவில்லை. (தமிழ் இலக்கணத்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்னதான் உறவோ!) உண்மையில் அந்த வாடை கொஞ்சம் இருப்பது நல்லது என்பேன். கண்ணில் படாமல் அனுப்பிவைத்த ஒன்று என்ற பொருள், கோர்பட்டோ எடுத்த சொல்லிலும் இருந்ததுதானே.

ஏவுகணையோடு குழம்பாது. ஏவுகணை போய் விழுந்துவிடும்; ஏவலி திரும்பத் திரும்ப வேலை பார்க்கும். "பிரித்தால் 'ஏ, வலி' என்று வருகிறதே" என்று முன்கூட்டியே ஒருவர் கேட்பார், தெரியும். ராத்திரி 2 மணிக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

புழங்கிப் பார்த்தேன். "எஸ்எஸ்ஹெச் ஏவலி ஓடுதா பாரு." "க்ரான் ஏவலி நேத்தே செத்துப்போச்சு, பேக்கப் போகல." "லாக் ஏவலியோட அமைவை மாத்திட்டு ஒரு ஹப் அனுப்பு." நாக்கில் இடறவில்லை. கட்டளைப் பெயர்களின் கடைசியில் இருக்கும் 'டி'யைத் தமிழாக்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச்டி என்பது பெயர், ஏவலி என்பது அதன் இனம்.

தீராத இடம் ஒன்று இருக்கிறது. தம்பியிடம் 'நோட்டு அவன் கையில்' என்றேனே, அந்தக் 'கையில் இருப்பது' எதுவோ அதற்கு நம் சொற்பட்டியலில் 'கோப்பு விவரிப்பி' (file descriptor) என்று போட்டிருக்கிறோம். போனில் அதை இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். 'பிடி' என்றே வைத்தால் என்ன? ஏவலி பிடியை விட்டால் இடம் திரும்பும், அவ்வளவு நேராக இருக்கிறது. ஆனால் கைப்பிடி, சாவிக்கொத்துப் பிடி என்று வேறு இடங்களில் முட்டுமா என்று யோசனை. இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், அங்கே சண்டை போடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் நண்பர் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேருக்குக் கட்டளைவரி வகுப்பு எடுக்கிறேன். குறிப்புகளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஏவலிக்கு மறுப்பு இருந்தால் வியாழன் ராத்திரிக்குள் எழுதிவிடுங்கள். மறுப்போடு மாற்றுச்சொல்லும் வேண்டும். வெறும் "ஒட்டவில்லை" என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மதுரை அக்கா மட்டும் காவலை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால் இன்னொரு சுற்று பேசலாம்.