மறு: ‘டிமாண்ட் மேனேஜ்மென்ட்’: தேவையா, கேட்பா?

குழுவினருக்கு வணக்கம். தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை எவ்வளவு, எப்போது கேட்டு எடுப்பது என்பதை ஒழுங்குபடுத்துவது ‘டிமாண்ட் மேனேஜ்மென்ட்’. நம் கலைச்சொல் தொகுப்புக்கு அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்குத் தம்பி எழுதியது இது:

> ‘தேவைக் கட்டுப்பாடு’ என்றே வைத்துவிடலாம். தண்ணீர், மின்சாரம், உணவு மூன்றுக்கும் பொருந்தும்.

தம்பி, ஒன்றுக்குமே சரியாகப் பொருந்தாது என்பது என் கட்சி.

முதலில் ‘தேவை’. எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிணற்றுப் பாசன வாழைத் தோட்டங்களைப் பாருங்கள். மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கும். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தாலும் தானே ஓட ஆரம்பித்துவிடும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம். பாத்தி நிறைந்து வரப்பு வழிந்தாலும், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போய் அணைக்க யாருக்கு மனசு வரும்? வாழைக்கு அந்தத் தண்ணீர் தேவையே இல்லை. மின்வாரியக் கணக்கில் மட்டும் அது டிமாண்ட். இந்தப் பக்கம் தாமிரபரணியில் பிரியும் கன்னடியன் கால்வாயின் கடைமடைக்காரர். பயிர் கதிர் வெளிவரும் முன்னான பொதிப்பருவத்தில் வாடி நிற்கும். தேவை கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் மதகைத் திறக்கிறவர் காதுக்கு அவர் குரல் போய்ச் சேராது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் எதை நிர்வகிக்கப் போகிறோம்?

டிமாண்ட், சப்ளைக்கு நம் பாடநூல்களில் ‘தேவை, அளிப்பு’. இலங்கையில் ‘கேள்வி, நிரம்பல்’. கடைவீதியில் ‘கிராக்கி’, முகூர்த்த நாளில் வாழையிலைக்குக் கிராக்கி என்றால் எல்லாருக்கும் புரியும், கால்வாய்த் தண்ணீருக்கு அது ஒட்டாது. வருவாய்த்துறையில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று கணக்கு வைக்கிறார்கள். டிமாண்ட் டிராஃப்டை ‘கேட்பு வரைவோலை’ என்று அரசு விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது, எடுத்துப் புழங்கினால் போதும். உண்மையில் வேண்டியிருப்பது தேவை; கேட்டு வாங்குவது கேட்பு.

அடுத்து ‘கட்டுப்பாடு’. இதில் போலீஸ் வாசனை அடிக்கிறது. கார் பருவத்து நெல் சாகுபடிக்கு அம்பை 16 மாதிரி 110 நாளில் விளையும் ரகத்தைப் போடுவதும், அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் நெல்லை விட்டு உளுந்துக்குப் போவதும் டிமாண்ட் மேனேஜ்மென்ட்தான். அதை விவசாயி தானே யோசித்துச் செய்கிறார். ஆகவே பொதுச்சொல் ‘கேட்பு மேலாண்மை’. கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப்போல நேரத்தை மாற்றிப் பங்கிடுவதற்கு மட்டும் ‘முறைவைப்பு’. மின்சாரத்துக்கும் அதுவே செல்லும்.

சப்ளைக்கு ‘வரத்து’. தாமிரபரணியின் பாபநாசம் அணையின் நீர்வரத்தைத் தினமும் பேப்பரில் படிக்கிறோம். காய்கறிச் சந்தையிலும் வரத்துதான்.

*

அண்ணாச்சி, வணக்கம்.

‘கேட்பு’ சரி. ‘வரத்து’தான் இடிக்கிறது. தானாக வந்து சேர்வதைத்தானே வரத்து என்போம்? கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் உலைகள் இரண்டு இருக்கின்றன. அந்த மின்சாரம் நாம் உண்டாக்குவது. காற்றாலை வேறு கதை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக்காற்று இறங்கினால் பணகுடி, ராதாபுரம் பக்கம் இறக்கைகள் நிற்காமல் சுற்றும். இறங்காவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அதை வரத்து என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. காற்று மின்சாரம் அதிகம் கிடைப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை. கார் சாகுபடிக்குத் தண்ணீர் கேட்பதும் அதே மாதங்களில். பாபநாசத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் தண்ணீர்தான் கீழே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டுகளில் பிரிந்து வயலுக்குப் போகிறது. மின்சாரக்காரர் கணக்குப்படி, காற்று நன்றாக வீசும்போது அணைத் தண்ணீரைத் தொடாமல் வைத்திருந்து ராத்திரி உச்ச நேரத்துக்கு எடுப்பது லாபம். நாற்று அதுவரை பொறுக்குமா? மின்சாரத்துக்கு என்று திறந்ததுதான் வயலுக்கு வரத்து.

காற்று மிஞ்சிப்போகிற நேரத்தில் கேட்பைக் கூட்டவும் வேண்டியிருக்கும். அண்ணாச்சி சொன்ன அந்த மோட்டார்களை அப்போது பார்த்து ஓடவிடுவதும் கேட்பு மேலாண்மைக்குள்தான் வரும். அதனால் இழையில் இன்னொருவர் கொடுத்த ‘கேட்புக் குறைப்பு’ம் ஆகாது.

*

தம்பி, நியாயம். அப்போ இப்படி வைத்துக்கொள்வோம். இயற்கை தருவது வரத்து, நாம் ஆக்குவது உற்பத்தி, கையில் நிற்பது இருப்பு. இவற்றிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குப் பாடநூலின் ‘அளிப்பு’ இருக்கட்டும். பாபநாசத்தில் 143 அடி வரை நிற்கும் தண்ணீர் நெல்லுக்கும் இருப்பு, மின்சாரத்துக்கும் இருப்பு. சண்டை வருவதே அதனால்தான்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இலங்கை நண்பர்கள் ‘கேள்வி முகாமைத்துவம்’ என்று எழுதிப் பழகியவர்கள். ‘கேட்பு மேலாண்மை’ அவர்களுக்குத் தட்டாமல் புரிகிறதா? அவர்கள் பதில் வரட்டும், அப்புறம் தொகுப்பில் ஏற்றலாம்.